ஒன்று முதல் பத்து வரை

கேபிள்காரர் பழைய வயரின் தோலை பிளேடால் சீவி, உள்ளே இருந்த இழையைச் சுரண்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெறும் அலுமினியம். உதட்டைப் பிதுக்கி அதை ஓரமாகத் தூக்கிப் போட்டார்.

மாடியில் கடைசி வகுப்பறை அது. பிள்ளைகள் எல்லாம் மைதானத்தில் இருந்தார்கள். தலைமை ஆசிரியை கையைக் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

போன மாதத் தீ ஒத்திகையை அவளால் இன்னும் மறக்க முடியவில்லை. அலுவலகத்திலிருந்து அவள் மைக்கில் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடமே இரண்டு நிமிடத்தில் காலியாகிவிட்டது. இந்த அறையைத் தவிர.

முப்பத்தாறு பிள்ளைகள் இங்கே சாவகாசமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் கட்டிய அறை என்பதால் இதற்கென்று தனி ஆம்ப்ளிஃபயர், தனி மைக் வயர். அதில் வந்தது வெறும் உறுமல். எப்போதும் உறுமுவதுதானே என்று விட்டுவிட்டார்களாம்.

ஒத்திகையாகப் போனதால் தப்பித்தார்கள். நிஜமாக இருந்திருந்தால் என்று அவள் யோசிக்கத் தொடங்குவாள். பாதியிலேயே நிறுத்திவிடுவாள்.

முன்பு வேலை செய்தவன் கேமரா வயர், மைக் வயர், மின்சார வயர் மூன்றையும் ஒரே குழாயில் திணித்துவிட்டுப் போயிருந்தான். மின்சார வயரை ஒட்டிப் போனதால்தான் மைக் வயரில் அந்த உறுமல். அடுத்த வாரம் மறுபடியும் ஒத்திகை. எந்தக் கேபிள், யார் கையால் என்பது இன்றைக்கே முடிவாக வேண்டும்.

இந்தக் கேபிள்காரரும் அவர் மனைவியும் காலையில்தான் வந்தார்கள். பேச்செல்லாம் மனைவிதான். வேலை சுத்தமாக இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மண்டைக்கனமும் சேர்ந்தே வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எத்தனை நாள் ஆகும் என்று தலைமை ஆசிரியை அவரிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். மனிதர் திரும்பக்கூட இல்லை. இத்தனை வருட சர்வீஸில் இப்படி முதுகைக் காட்டிய எவனையும் அவள் சும்மா விட்டதில்லை.

அலுவலகத்திலிருந்து இந்த அறை வரைக்கும் இரண்டு கேபிள்களை அவர் தற்காலிகமாக இழுத்திருந்தார். ஒன்று சாதாரண வயர். மற்றது மைக்குக்கென்றே செய்தது, இழைகளைச் சுற்றி மெல்லிய செம்பு வலை பின்னியது. வேண்டுமென்றே இரண்டையும் மின்சார வயரை ஒட்டிப் போட்டிருந்தார். எது தாங்குகிறது என்று டீச்சரே பார்க்கட்டுமாம்.

கீழே மைக் முன்னால் மனைவி. ஒன்று முதல் பத்து வரை எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆரம்பிக்கச் சொல்லி அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தார்.

கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும், கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று தலைமை ஆசிரியை நினைத்துக்கொண்டாள்.

முதல் கேபிளில் ஸ்பீக்கர் உறுமியது. உறுமலுக்கு அடியில் ஒரு குரல் எதையோ எண்ணியது. மூன்றா ஏழா, ஒன்றும் விளங்கவில்லை. அவள் முகத்தைச் சுளித்தாள்.

கேபிள்காரர் ஸ்பீக்கர் பக்கமே பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், சுளித்த உடனே அதைக் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினார். மறுபடியும் ஒரு மிஸ்டு கால்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

பக்கத்தில் நின்று பேசுவதுபோல் இருந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

ஐந்து வரவில்லை.

"டீச்சர், அவருக்கு ரெண்டு காதும் கேக்காது. மூணு வருஷமாச்சு. தெரிஞ்சா வேலை தரமாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்ல விடமாட்டார். புள்ளைங்க படிக்கிற இடம், எனக்குத்தான் மறைக்க மனசு வரல. இப்பவும் நான் எண்ணிட்டிருக்கேன்னுதான் நினைச்சிட்டிருப்பார். உங்க மூஞ்சியப் பாத்துதான், டீச்சர், கேபிள் நல்லதான்னு தெரிஞ்சுக்குவார்."

ஸ்பீக்கர் அடங்கியது.

தலைமை ஆசிரியைக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்து அந்த முதுகை மனசுக்குள் எத்தனை திட்டியிருப்பாள். கூடவே பயமும் வந்தது. காது கேட்காத மனிதரை நம்பியா இந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைப்பது? வெட்கமும் பயமும் சேர்ந்து முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கேபிள்காரர் முகம் வாடிவிட்டது. இதுவும் உறுமுகிறது போல என்று முடிவுகட்டி, குனிந்து அந்த நல்ல கேபிளைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க," என்றாள்.

அவர் கை நிற்கவில்லை.

போன தடவை வேலை செய்தவனுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். உறுமலைக் கேட்டுக்கொண்டேதான் அவன் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டுப் போனான். இந்த மனிதரோ அவள் முகம் ஒரு நொடி சுருங்கியதற்கே அத்தனையையும் பிரிக்கப் போகிறார்.

தலைமை ஆசிரியை சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் நிமிரும்வரை காத்திருந்தாள்.

"இதையே போடுங்க," என்றாள், உதடு நன்றாகத் தெரியும்படி. "தெளிவா கேக்குது."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"பத்து வரைக்குமா?"

அவள் தலையாட்டினாள்.

"பத்து வரைக்கும்."