அரைநாள் அடைப்பு

சத்தம் நின்றது.

அவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். மின்சாரம் போய்விட்டதோ என்று அண்ணாந்து பார்த்தான். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்குப் போனான். மூன்றாவது மாடி. கீழே கடைவீதி முழுக்க ஷட்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

பாத்திரக்கடை முதலாளி காலையில் இறந்துபோயிருந்தார். வியாபாரிகள் சங்கத்தில் பெரிய ஆள். அப்படி ஒருவர் போனால் உடல் வீதியைக் கடக்கும்வரை எல்லாக் கடையும் அடைப்பு. இந்த வீதியின் வழக்கம் அது.

"வாங்க வாங்க" என்று காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும் துணிக்கடை ஒலிபெருக்கி பேசவில்லை. இந்த வீட்டின் வெளிச்சுவரில் துணிக்கடைக்காரர்கள் பொருத்தியிருந்த பன்னிரண்டு ஏசி இயந்திரங்களும் ஓடவில்லை.

பதினோரு வருடம் ஆயிற்று இங்கே வந்து. பகலில் தன் செருப்பின் சத்தத்தை அவன் கேட்டதில்லை.

இப்போது கேட்டது.

பிறகு இன்னொன்றும் கேட்டது.

டக்.

டக். டக்.

சமையலறைக் குழாயை இறுக்கினான். அது சொட்டவில்லை.

சத்தம் உள்ளறையிலிருந்து வந்தது.

அங்கே அவன் மனைவி படுத்திருந்தாள். எட்டு மாதமாக. வாதத்தில் வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு பாதிக்குமேல் போய்விட்டது. மூன்று மாடி தூக்கி இறக்க நான்கு பேர் வேண்டும். ஆட்டோ வீதி முனைக்குமேல் வராது. மருத்துவமனையிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு அவள் கீழே இறங்கவில்லை.

அந்த அறையின் ஜன்னலைத் துணிக்கடையின் விளம்பரப் பலகை மூடியிருந்தது. உள்ளிருந்து பார்த்தால் அதன் மரச்சட்டமும் துணியின் பின்புறமும் தெரியும். பகல் அங்கே இளஞ்சிவப்பாக இருக்கும்.

அவள் இடது கையில் ஒரு சின்னக் கரண்டி இருந்தது. மருந்து ஊற்றும் கரண்டி. கோடையில் அது காணாமல் போக, அவன் வேறு வாங்கியிருந்தான்.

அதன் காம்பால் அவள் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

டக்.

தலையணையைத் தள்ளிப் பார்த்தான். அது மறைத்திருந்த இடத்தில் ஒரு குழி. பச்சைப் பூச்சு போயிருந்தது. அதற்கடியில் சுண்ணாம்பும் போயிருந்தது. செங்கல் தெரிந்தது.

தினமும் மாலையில் விரிப்பில் தூசி இருக்கும். முதலில் பச்சை. பிறகு வெள்ளை. போன மாதத்திலிருந்து சிவப்பு. ஈரத்துணியால் ஒற்றி எடுப்பான். ஏசி அதிர்ந்து சுவர் உதிர்கிறது என்று துணிக்கடை மேலாளரிடம் இரண்டு முறை போய்ச் சொன்னான்.

"சார், நாங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க பில்டிங் ஆடிட்டுதான் இருந்துச்சு. நாங்கதான் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கோம்" என்றார் மேலாளர். கல்லாவில் இருந்தவர் சிரித்தார்.

காலையில் அவளைக் குளிப்பாட்ட வரும் எஸ்தரிடம், கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போடலாமா என்று கேட்டான்.

"எங்க சார் நகர்த்துறது? நானே எடமில்லாம ஒத்தக் கால்ல நிக்கிறேன்" என்றாள் எஸ்தர்.

அன்றைக்கு அவன் மனைவியும் வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

எஸ்தர் இருக்கும்போது அவள் தட்டியதில்லை. இரவில் அவன் அந்த அறையின் வாசலில் குறுக்கே பாயைப் போட்டுப் படுப்பான். அப்போதும் தட்டியதில்லை.

"என்ன வேணும்?" என்றான்.

தண்ணீர் அவள் தலைமாட்டுப் பலகையில், கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. விரிப்பு நனையவில்லை. தொட்டுப் பார்த்தான். காய்ச்சல் இல்லை.

வார்த்தை வர நேரமாயிற்று.

"சும்மா" என்றாள்.

கீழே சங்கு ஊதினார்கள். வண்டி மெல்ல நகர்ந்தது. நிறைய காலடிகள்.

அவை தேய்ந்து மறைந்த பிறகு அவள் மறுபடியும் வாயைத் திறந்தாள்.

"கேக்கலியா? இத்தன... நாளா."

"இல்ல. இன்னைக்குத்தான்."

அவள் அவனையே பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு பக்கம்தான் அசையும். அந்தப் பக்கம் சுவரை நோக்கித் திரும்பியது.

"இனிமே தட்டு. வரேன்" என்றான். விரிப்பில் விழுந்திருந்த சிவப்புத் தூசியைக் கையால் வழித்துப் போட்டான்.

முதல் ஷட்டர் ஏறியது. பிறகு எல்லாம் ஏறின. ஏசி இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின.

வாங்க வாங்க.

அவன் கூடத்துக்கு வந்தான். மாலைக்குள் அனுப்ப வேண்டிய காப்பீட்டுப் படிவங்கள் இருந்தன. மேசையை இழுத்து உள்ளறைச் சுவரோடு சேர்த்துப் போட்டான். இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்தான். வலது கையால் தட்டச்சு செய்தான்.

சுவர் அதிர்ந்தது.

எழுந்து போனான். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது.

திரும்பி வந்தான். கையை வைத்தான். சுவர் அதிர்ந்தது.

போனான். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

மூன்றாவது முறையும் அதிர்ந்தது. அது நிற்கவே இல்லை. அவன் எழுந்திருக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை. ஐந்தரை மணிவரை ஒரு கையால் எழுத்தெழுத்தாக அடித்தான்.

பிறகு துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கரண்டி தலைமாட்டுப் பலகையில் மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. காம்பின் முனை தேய்ந்திருந்தது.

விரிப்பில் தூசி இல்லை.

அவன் துடைத்தான்.