பச்சைச் சுடர்

பல் மருத்துவரான பெனிட்டாவுக்கு இரும்பு அடிப்பது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. கார் ஷெட்டில் சிறிய உலை ஒன்று வைத்திருந்தாள். அன்று சாரல் அடித்ததால் ஷட்டரை இறக்கிவிட்டு, பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை உலைக்குள் செருகினாள். சற்று நேரத்தில் நெருப்பு பச்சையாக மாறியது. இலவம்பஞ்சு போல வெள்ளையாக ஏதோ மிதந்து எழுந்தது. என்னவென்று பார்க்கக் குனிந்தாள். நாக்கு லேசாக இனித்தது. அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று அறிய இன்னும் குனிந்தாள்.

ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த கணவன் சேவியர் அவளை வெளியே இழுத்தான். "ஜி.ஐ. பைப்பையா உள்ள விட்ட? மேல பூசின துத்தநாகம் எரியுது. அந்தப் புகை ஆளையே சாய்ச்சிரும்!"

மாலையில் குளிர்காய்ச்சல் அவளைத் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்தபடி சேவியர் உட்கார்ந்திருந்தான். விடிந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது.

"அப்படி என்னத்தத்தான் பாத்துட்டு நின்ன?"

"அப்படி ஒரு பச்சைய நான் எங்கயும் பாத்ததில்லங்க."

திட்டுவதற்கு வாயெடுத்த சேவியர், நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"எந்த மாதிரிப் பச்சை?" என்றான்.