புல்வெளியில் ஒரு தடம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் படிப்பு ஏறியதே தவிர, பலகையைப் படிக்கும் பழக்கம் ஏறவில்லை. கோடு போட்டு அளந்து கட்டிய இந்தப் புது நகரத்தில், 'புல்லில் நடந்தால் அபராதம்' என்று பத்தடிக்கு ஒரு பலகை. அப்படியும் எங்கள் கட்டிடத்திலிருந்து டீக்கடை வரைக்கும் புல் தேய்ந்து, மண் தெரிய ஒரு தடம்.

ஒருநாள் நகரத் திட்ட அதிகாரி வரைபடத்தோடு வந்து நின்றார்.

"பெரியவரே, இதுல தினமும் நடக்கிறது யாருன்னு தெரியுமா?"

சிரித்துக்கொண்டே கேட்கிற அதிகாரியை நம்பியவன் உருப்பட்டதில்லை.

"தெரியாம என்ன? மூணாம் மாடியில இருக்கிற எங்க சம்பந்திதான். சொன்னா கேக்கிற ஜென்மமா அது? பேரை எழுதிக்கிட்டு நல்லா தாளிச்சு விடுங்க."

அடுத்த மாதம் அந்தத் தடத்தில் கல் பதித்தார்கள். ஜனங்கள் நடக்கிற வழியைப் பார்த்துத்தான் பாதை போடுவார்களாம். முதலில் நடந்தவர் பெயரையே அதற்கு வைப்பார்களாம். சம்பந்தியை நாற்காலியோடு தூக்கி வந்து ரிப்பன் வெட்ட வைத்தார்கள். 'நடந்தால்தான் உடம்பு நிற்கும்' என்று அவருடைய பிரசங்கம் வேறு.

மருமகள் என் காதோரம் குனிந்தாள்.

"மாமா, முட்டி வலியில எங்கப்பா ரெண்டு வருஷமா கீழயே இறங்கல. தினமும் இந்த வழியா டீக்கடைக்கு ஓடுறது நீங்கதானே? போய்ச் சொல்லுங்க."

"மெதுவாப் பேசும்மா. இப்படிக் கை தட்டித்தான் ஆளை வெளியே வர வைப்பாங்க. அபராதம் பின்னால வரும்."

சொல்லிவிட்டு, அந்தக் கல்லில் கால் படாமல், பக்கத்துப் புல்லில் இறங்கி நடந்தேன்.