பந்தி நடக்கும்போது கரண்ட் போனால்

“பொண்ணு ரூம்ல, பீரோவுக்குப் பின்னால இருக்கு. வெளிய யாருக்கும் தெரியாது” என்றார் ஆறுமுகச்சாமி, கண்ணை மூடியபடி.

“எதையும் மறைக்காம சொல்லுங்கப்பா. நான் எழுதிக்கிடுதேன்” என்றாள் மகள் அனு.

“இதுல என்னத்த மறைக்க? பந்தி ஹால் ஃபேனுக்கு சுவிட்ச் அங்கனதான் இருக்கு. பொண்ணு சேலை மாத்துனா, மாத்தி முடிக்கிற வரைக்கும் பந்தியில வேர்த்து ஊத்த வேண்டியதுதான்.”

சங்கரன்கோவிலில் பேச்சிராஜாவின் கல்யாண மண்டபம் அப்படிப்பட்டது. கையில் காசு சேரச் சேர ஒவ்வோர் அறையாகக் கட்டி, ஒயர் எட்டிய இடத்தில் சுவிட்சை வைத்துவிட்டார்கள். எந்தச் சுவிட்ச் எதற்கு, ஜெனரேட்டர் எப்போது முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் ஆறுமுகச்சாமி ஒருவருக்குத்தான் அத்துப்படி.

பேச்சிராஜா அவருக்கு மச்சினன், மனைவியின் தம்பி. அதனால் சம்பளம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மரியாதை மட்டும் தாராளம். உரக்கடை வேலையில் இடுப்பொடிந்து வருகிறவரை முகூர்த்த நாளானால் மண்டபம் கூப்பிட்டுக்கொள்ளும். பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்திருப்பார், கரண்ட் போகும், “அத்தான்!” என்று சத்தம் வரும், எழுந்து ஓடுவார்.

பாலிடெக்னிக் கடைசி வருடத்தில் அனுவுக்கு டெக்னிக்கல் ரைட்டிங் என்று ஒரு பாடம். நிஜமான ஓர் இடத்துக்குக் கையேடு எழுதி, அதை வைத்து யாரையாவது வேலை செய்ய வைத்தும் காட்ட வேண்டும். மண்டபத்தை எழுதுகிறேன் என்று அவள்தான் சொன்னாள். மார்க்கும் வரும், குருவிகுளம் வரை பேர் வாங்கிய அப்பாவின் பெருமையை எழுதினதாகவும் இருக்கும்.

முதலில், ‘மனித வாழ்வில் மின்சாரத்தின் பங்கு அளப்பரியது’ என்று ஆரம்பித்தாள். பாடம் எடுக்கும் ரிஸானா மேடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “கரண்ட் போயிட்டு. சாம்பார் வாளியோட ஒருத்தன் இருட்டுல நிக்கான். அவனுக்கு எதுக்கும்மா முன்னுரை?”

அடுத்து எழுதியதில் ஒரு வாக்கியமே அரைப் பக்கம் ஓடியது. அதுவும் திரும்பி வந்தது. எழுதி எழுதிக் கை வலித்த பிறகுதான், ஒரு வரியில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும் என்பது பிடிபட்டது. ‘கதவுக்குப் பக்கத்தில்’ என்பது, ‘கதவைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கம்’ என்று மாறியது.

அவளுக்கே சலித்துப்போனது. ஆறுமுகச்சாமி மட்டும் கடையிலிருந்து வந்ததும் வராததுமாகக் காலை நீட்டி உட்கார்ந்து, “இன்னைக்கு எதை எழுதணும், கேளு” என்பார். கண் சொருகினாலும் விடமாட்டார்.

ஒரே ஒரு வரி மட்டும் பக்கத்துக்குப் பக்கம் நின்றது: ‘சந்தேகம் இருந்தால் ஆறுமுகச்சாமியிடம் கேட்கவும்.’ அவள் ஆசையாக எழுதிய வரி. படித்துப் பார்த்த அப்பா பேனாவை வாங்கி, ஒன்றுவிடாமல் அடித்தார்.

“இது எதுக்கு மக்கா? படிக்கிறவனுக்கு என்கிட்ட கேக்கணும்னே தோணக் கூடாது. அப்படி எழுது.”

இப்படியும் ஒரு மனுஷனா என்று அனு அப்பாவையே பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு வளைகாப்பு. கையேட்டை அங்கே புக்கிங் பார்க்கும் ராஜேஸ்வரி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அனு ஓரமாக நின்றாள். வாயைத் திறக்கக் கூடாது என்பது ரிஸானா மேடத்தின் உத்தரவு. மேடமும் வந்திருந்தார். அப்பா வீட்டில் இருந்தார்.

புளியோதரை பரிமாறும்போது வழக்கம்போலக் கரண்ட் போனது. ராஜேஸ்வரி அக்கா செல்போன் வெளிச்சத்தில் பக்கத்தைப் புரட்டினார், படித்தார், நடந்தார். ஜெனரேட்டர் ஒரு தடவை முரண்டு பிடித்தது. அதற்கும் பக்கம் இருந்தது. தயிர்ச்சாதம் வருவதற்குள் ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது. “அத்தான்!” என்று யாரும் கத்தவில்லை.

“இதுதான் கையேடு” என்று மேடம் அவள் முதுகில் தட்டினார். அனுவுக்குத் தலைகால் புரியவில்லை.

பேச்சிராஜாவும் வந்து கையேட்டைப் புரட்டிப் பார்த்தார். “பிரமாதம் மருமவளே! இனிமே அத்தான் வந்து சிரமப்பட வேண்டாம். ராஜேஸ்வரியே பாத்துக்கிடுவா. அத்தான்கிட்ட இருக்க இன்னொரு சாவிக்கொத்த மட்டும் நாளைக்கு வாங்கிட்டு வந்துரு.”

மண்டபம் என்றால் ஆறுமுகச்சாமி என்றிருந்த பெயரை, மார்க்குக்கு ஆசைப்பட்டு அனு தன் கையாலேயே துடைத்துவிட்டாள். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

ஆறுமுகச்சாமி பாயில் படுத்திருந்தார். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“சாவியக் கேட்டானா? அவன் வாயாலயே சொன்னானா?”

“ஆமாப்பா.”

அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து அவள் பக்கம் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அனுவால் தாங்க முடியவில்லை.

“நான் இப்பவே போயி மாமாகிட்ட பேசுதேன்ப்பா. கையேட்டக் கிழிச்சுப் போட்டுருதேன். எங்கப்பா இல்லாம இந்த மண்டபம் நடக்காதுன்னு சொல்லுதேன்.”

ஆறுமுகச்சாமி பதறியடித்து எழுந்து அவள் கையைப் பிடித்தார்.

“கெடுத்துராத மக்கா! இப்பதான் என்னைய விட்டிருக்கான்.”