மண்ணுக்குள் திரி

அக்காவின் பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பியவள், பெட்டியைக்கூடத் திறக்காமல் ஜன்னலோரத் தொட்டிகளின் முன் குனிந்து நிற்கிறாள். மாலை வெயிலில் இலைகள் பளபளக்கின்றன. ஒன்றுகூட வாடவில்லை; அதுதான் உறுத்துகிறது. குடித்த டம்ளரைக் கழுவி வைக்காத மனிதன் அவள் கணவன். "ஒரு நாள் விடாம நான்தான் ஊத்தினேன். வீட்டை விட்டு எங்கேயும் நகரலை," என்கிறான், அவள் கேட்காமலேயே. அவள் மண்ணுக்குள் விரலை விடுகிறாள். ஏதோ தட்டுப்படுகிறது. இழுத்தால், ஈரமான துணித் திரி. வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் வெளியூர் போகும்போது, வாளித் தண்ணீரிலிருந்து ஈரம் தானாக ஏறும்படி தொட்டிக்குத் தொட்டி அவள் போட்டுவைக்கும் அதே திரி. "களைப்பா இருப்பே, போய்க் குளிச்சிட்டு வாயேன்," என்கிறான். அவள் அடுத்த தொட்டிக்குள் விரலை விடுகிறாள்.