காலிப் பீடம்

சிதம்பரத்திலிருந்த தன் பட்டறைக்குள் நுழைந்தவரைக் கண்டதும் சிற்பி ராபர்ட் திடுக்கிட்டு எழுந்தார். செய்துகொண்டிருந்த களிமண் சிலையின்மேல் சட்டென்று ஈரச்சாக்கை இழுத்துப் போர்த்தினார்.

"மாஸ்டர், நான் சிலம்பரசன், பண்ருட்டிப் பக்கம். கூலிக்காரங்கள அடிச்சே கொன்ன மிராசுதாருக்கு நடுரோட்டுல சிலை எதுக்குன்னு கேஸ் போட்டு ஜெயிச்சிட்டோம். வர்ற பத்தாந்தேதி தூக்குறாங்க. கிரேன் பக்கத்துல நான்தான் நிக்கணும்னு எங்க சங்கத்து ஆளுங்க ஒத்தக்கால்ல நிக்கிறாங்க."

"சரிங்க."

"அந்தப் பீடத்துல வைக்க ஒரு கூலிக்காரர் சிலை வேணும்."

"அதுக்கு ஏற்கெனவே ஆர்டர் வந்திருச்சுங்களே. உங்க சங்கத்து ஆளுங்கதான் குடுத்தாங்க."

"எனக்குத் தெரியாமலா? யாரு சிலை?"

"போராட்டத்துல உயிர விட்டவராம்."

"எங்க போராட்டத்துல யாரும் சாவலையே!"

சிரித்துக்கொண்டே சாக்கை விலக்கிய சிலம்பரசன், களிமண்ணில் தன் முகத்தையே பார்த்தார். மீசைகூட அப்படியே இருந்தது.

"போட்டோ குடுத்து, கல்வெட்டுல 'மறைவு பத்தாந்தேதி'ன்னு போடச் சொன்னாங்க" என்றார் ராபர்ட். "போன மாசப் பத்தாந்தேதின்னுல்ல நான் நெனச்சேன்!"