பெயர் எழுதிய டப்பா

காலையில் முதலில் வரும் சிறுநீர்தான் வேண்டும் என்று பரிசோதனை லேபில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பதினோரு வருடமாகச் சர்க்கரை உள்ள தனுஷ்கோடியோ, விடிந்ததும் பழக்க தோஷத்தில் போய்விட்டு வந்த பிறகுதான் ஜன்னலில் தன் பெயரோடு காலியாக இருந்த டப்பாவைப் பார்த்தார்.

"போன தடவையும் மறந்துட்டேன். டாக்டர் ஏசப் போறாரு."

அப்போதுதான் எழுந்து வந்த அவர் மனைவி பேச்சியம்மாள் டப்பாவை எடுத்துக்கொண்டாள். "விடுங்க, நான் போய்த் தாரேன். மூத்திரத்துல பேரா எழுதியிருக்கு?"

மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு முறை புரட்டினார். "ரத்தத்துல எல்லாம் நல்லாருக்கு. ஆனா யூரின்ல ஆல்புமின்ங்கிற புரதம் கசியுது. கிட்னி லேசா பாதிக்க ஆரம்பிச்சிருக்கு. இது உடம்புக்கு வெளியே தெரியாது. நல்லவேளை, இப்பவே கண்டுபிடிச்சோம்." தனுஷ்கோடி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார்.

வீட்டில் அவருடைய சர்க்கரையில்லாத காபியை மூடி வைத்துவிட்டு, பேச்சியம்மாள் தன் டம்ளரில் மூன்றாவது கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னாரு? உங்களுக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

வரும் வழியில் லேபில் கேட்டு வாங்கிய புது டப்பாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். பேனாவைத் திறந்து அதன் மேல் மெதுவாக எழுதத் தொடங்கினார். 'பே' என்று எழுதி முடித்தபோது, கரண்டிச் சத்தம் நின்றது.